மூணு ரூபாயோடு கிளம்பிய பையன்



எங்க ஊர் திருவெண்ணெய்நல்லூர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பெரியவங்க எல்லாரும் சுந்தரர் கதையைத்தான் ஆரம்பிப்பாங்க. கல்யாண வீட்டில் மணமகனாக உட்கார்ந்திருந்தவரை ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்குன்னு வழக்காடி, எங்க ஊர்ச் சபை வரைக்கும் இழுத்துட்டு வந்த கதை. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா எங்க ஊர்ப் பக்கமாவே, எங்க தாத்தாவோட தாத்தா காலத்துல, இன்னொரு பையன் போனான். அவனை யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை. அவனே வந்தான். சொந்தக்காரங்க வீட்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பி வந்தான். வயசு பதினாறு.

பேர் வெங்கட்ராமன். பின்னாளில் உலகமே பகவான் ரமண மகரிஷி என்று கும்பிட்டது. முருகனடியார்கள் பலர் அவரைக் கந்தப் பெருமானின் அம்சமாகவே பார்க்கிறார்கள். அது ஏன் என்று பின்னாடி வரும். இந்தப் பதிவில் அவருடைய உபதேசத்தை நான் எழுதப்போறதில்லை, அதுக்கு எனக்குத் தகுதியும் இல்லை. அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய அந்த நாலு நாளைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போறேன்.

1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள். அன்று பின்னிரவு ஒரு மணிக்குத் திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரமய்யர், வக்கீல் தொழில் பார்த்தவர். அம்மா அழகம்மாள். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு. அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. என்னைக்கோ வாசலில் வந்து நின்ற துறவிக்குச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார்களாம். அதனால் தலைமுறைக்கு ஒருத்தர் துறவியாகிப் பிச்சை எடுப்பார் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அப்பா தலைமுறையிலும் அதுக்கு முந்தைய தலைமுறையிலும் ஒவ்வொருத்தர் காவி கட்டிப் போயிருக்காங்க.

சின்ன வயசிலேயே ஒருமுறை அவர் காணாமல் போயிருக்கிறார். அப்பாவுடைய பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துக் கப்பல் செய்து தண்ணீரில் விட்டுவிட்டார். எந்த அப்பாவுக்குத்தான் கோபம் வராது? திட்டினார். பையன் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஊரெல்லாம் தேடினால், கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தான். பூஜைக்கு வந்த குருக்கள் பார்த்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். மனசு நொந்தால் எங்கே ஓடணும் என்று அந்தக் குழந்தைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க.

1892 பிப்ரவரியில் அப்பா போய்ச் சேர்ந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயசு. குடும்பம் ரெண்டாகப் பிரிந்தது. அம்மாவும் சின்னக் குழந்தைகள் ரெண்டும் மானாமதுரையில் நெல்லையப்பய்யர் என்ற சித்தப்பா வீட்டுக்கு. நாகசாமியும் வெங்கட்ராமனும் மதுரையில் சுப்பய்யர் என்ற இன்னொரு சித்தப்பா வீட்டுக்கு. சொக்கப்ப நாயக்கர் தெருவில் அந்த வீடு, மீனாட்சி கோயிலுக்குப் பக்கம்.

இங்கே ஒண்ணு சொல்லணும். சித்தப்பா கொடுமைப்படுத்தினார், சித்தி சோறு போடலைன்னு கதை கட்டிச் சொல்றவங்க இருக்காங்க. அப்படி எதுவும் இல்லை. வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள், கிளம்பின அன்னைக்குக்கூட சித்தி சோறு போட்டுத்தான் அனுப்பினார். நல்லவங்க வீடுதான். ஆனாலும் அது சொந்தக்காரங்க வீடு. நானும் படிப்புக்காக மூணு வருஷம் உறவுக்காரங்க வீட்டில் இருந்தவன். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா ரெண்டாவது தோசை கேக்கறதுக்கு முன்னாடி அடுப்பைப் பார்ப்போம். ஃபீஸ் கட்டற மாசம் வந்தா வீட்டுக்குள்ள நடக்கிற சத்தத்தைக்கூடக் குறைச்சுக்குவோம். இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்றது புரியும்.

மதுரையில் முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் பெரிய சூரர் இல்லை. ஒருமுறை கேட்டாலே மனசில் நிற்கும், அதனாலேயே புத்தகத்தைத் தொடமாட்டார். குஸ்தி, ஃபுட்பால், நீச்சல் என்றால் முன்னால் நிற்பார். இவர் சேர்ந்த பக்கம் ஜெயிக்கும் என்பதால் தங்கக்கை என்று பட்டப்பெயர். தூக்கம் மட்டும் அசாத்தியம். விழித்திருக்கும்போது இவரிடம் கை வைக்கப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசைதீர அடித்துவிட்டுத் திரும்பப் படுக்கையில் போட்டுவிடுவார்களாம். காலையில் இவருக்கு ஒண்ணும் தெரியாது.

1895 நவம்பரில் உறவினர் ஒருவரைப் பார்த்தார். எங்கிருந்து வர்றீங்கன்னு சும்மா கேட்டார். அருணாசலத்திலிருந்து என்று பதில் வந்தது. அந்தப் பேர் சின்ன வயசிலிருந்தே மனசுக்குள் ஒலித்த பேர். ஆனா அது பூமியில் இருக்கிற இடம், டிக்கெட் எடுத்துப் போகக்கூடிய ஊர் என்பது அன்னைக்குத்தான் தெரிந்தது. திருவண்ணாமலைதான் அருணாசலம் என்று அந்தப் பெரியவர் விளக்கினார்.

கொஞ்ச நாளில் கையில் கிடைத்தது பெரிய புராணம். சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த புத்தகம். பாடப்புத்தகத்தைத் தவிர வேறு ஒண்ணும் படிக்காத பையன் அதை எடுத்துப் படித்து உருகிப்போனான். நான் அடிக்கடி நினைக்கிற விஷயம் இதுதான். பெரிய புராணம் எங்கே ஆரம்பிக்குது? சுந்தரரைத் தடுத்தாட்கொண்டதில் ஆரம்பிக்குது. அதாவது எங்க ஊரில். மதுரை வீட்டில் உட்கார்ந்து திருவெண்ணெய்நல்லூரைப் படித்த பையன், ஒரு வருஷம் முடிவதற்குள் எங்க ஊருக்குப் பக்கத்து ரோட்டில் பசியோடு நடந்து போயிருக்கிறான். முருகா!

1896 ஜூலை நடுவில் அந்தப் பெரிய நிகழ்ச்சி. மாடி அறையில் தனியாக இருந்தார். உடம்புக்கு ஒண்ணும் இல்லை, நல்ல ஆரோக்கியம். திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை, டாக்டர் வேணும்னு தோணவில்லை. கையை காலை நீட்டிப் பிணம் மாதிரிப் படுத்து, வாயை மூடி மூச்சையும் அடக்கிப் பார்த்தார். உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று உள்ளுக்குள் தேடினார். உடம்பு கட்டையாகக் கிடந்தும் உள்ளே ஒன்று சாகாமல் விழித்துக்கொண்டிருப்பதை நேராகக் கண்டார். கொஞ்ச நேரம்தான். பயம் அன்றோடு போயிற்று, திரும்ப வரவே இல்லை.

அதுக்கப்புறம்தான் வீட்டில் பிரச்சினை. முன்னே யாராவது வம்புக்கு இழுத்தால் சண்டை போடுகிற பையன் இப்போது தலையாட்டிவிட்டுப் போகிறான். சாப்பாட்டில் எது போட்டாலும் சரி. கூட்டாளிகளோடு விளையாடப் போவதில்லை. சாயங்காலம் ஆனால் மீனாட்சி கோயில், அறுபத்து மூவர் முன்னால் நின்று கண்ணீர் விடுவது. வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது. பள்ளியில் தண்டனை, வீட்டில் திட்டு. சித்தப்பாவும் அண்ணனும் கவலைப்பட்டாங்க, கேலியும் பண்ணினாங்க. ஞானி, யோகி என்று அண்ணன் கிண்டல் செய்வாராம். அவங்க பக்கத்திலும் நியாயம் இருக்கு. அப்பா இல்லாத பையன், படிச்சு ஒரு வேலைக்குப் போனால்தானே குடும்பம் நிமிரும்?

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தைச் சரியாகப் படிக்காததால் மூணு தடவை எழுதிட்டு வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். ரெண்டு தடவை எழுதிவிட்டார். மூணாவது தடவை ஆரம்பிக்கும்போது வெறுப்பு வந்து, எல்லாத்தையும் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதுக்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். இதுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்னைக்குத்தான் அது உள்ளே இறங்கியது. அண்ணன் சொல்றது சரிதானே, எனக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. கூடவே அருணாசலம் ஞாபகம் வந்தது.

கவனிச்சுப் பாருங்க. கோபம் இல்லை. பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு மலை ஏறின நம்ம பழனி ஆண்டவருக்காவது அம்மா அப்பா மேல ஒரு வருத்தம் இருந்தது. இந்தப் பையனுக்கு அதுவும் இல்லை. அண்ணன் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொண்டு எழுந்திருக்கிறான்.

ஆனா நேராகச் சொன்னால் விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மின்சாரம் பற்றி விசேஷ வகுப்பு இருக்கு, போகணும் என்றார். அண்ணன் உடனே, அப்படின்னா கீழே பெட்டியில் அஞ்சு ரூபாய் இருக்கு, எடுத்துட்டுப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிடு என்றார். வழிச்செலவு தானாகவே வந்துவிட்டது. கீழே போனார், சித்தி பரிமாறினார், அவசரமாகச் சாப்பிட்டார், சித்தியிடம் அஞ்சு ரூபாயை வாங்கிக்கொண்டார். வீட்டில் ஒரு பழைய அட்லஸ். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் எது என்று தேடினார். திண்டிவனம் என்று பட்டது. அது பழைய படம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே அப்போது ரயில் போட்டாகிவிட்டது. படத்தில் அது இல்லை.

மூணு ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டார். மீதி ரெண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்தார். அந்தச் சீட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தன் தகப்பனைத் தேடி, அவருடைய உத்தரவுப்படி கிளம்புவதாகவும், நல்ல காரியத்துக்குத்தான் போவதால் யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். ஆரம்பத்தில் நான் என்று எழுதினவர் அடுத்த வரியிலேயே தன்னை இது என்று மாற்றிவிட்டார். முடிவில் கையெழுத்து இல்லை, வெறும் கோடு. எனக்கு இதையெல்லாம் விடப் பெரிசாகத் தெரிகிறது கீழே அவர் சேர்த்த குறிப்புதான். உன் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, ரெண்டு ரூபாய் இத்துடன் இருக்கு என்று அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். பொய் சொல்லிட்டுக் கிளம்பினவர்தான், ஆனா அண்ணன் காசுக்குக் கணக்கு வைக்காமல் போகவில்லை.

மத்தியானம் 12 மணி ரயில். இவர் ஸ்டேஷன் போகும்போதே நேரம் தாண்டிவிட்டது. அன்றைக்கு ரயிலும் தாமதம். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிச்சம் மூணு அணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஞாபகம் வச்சுக்கோங்க.

பெட்டியில் ஏறி உட்கார்ந்து யாரிடமும் பேசவில்லை. எதிரே வெள்ளைத் தாடியோடு ஒரு மௌல்வி, மகான்கள் கதை பேசிக்கொண்டு வந்தார். இந்தப் பையன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவரே இவரைப் பார்த்து எங்கே போறேன்னு விசாரித்தார். திருவண்ணாமலை என்றதும், நானும் அந்தப் பக்கம்தான், திண்டிவனம் எதுக்குப் போறே, விழுப்புரத்தில் இறங்கி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கே என்றார். அட்லஸ் சொல்லாததை ஒரு மௌல்வி சொன்னார். திருச்சி வரும்போது பொழுது சாய்ந்தது. அரை அணாவுக்கு ரெண்டு நாட்டுப் பேரிக்காய் வாங்கினார். ஒரு கடி கடித்ததுமே வயிறு நிறைந்துவிட்டது. நல்லாச் சாப்பிடுகிற பையனுக்கு அது ஆச்சரியம். அப்புறம் பார்த்தால் மௌல்வியைக் காணோம், நடுவில் எங்கேயோ இறங்கிவிட்டார்.

இப்போ திருச்சியிலிருந்து விழுப்புரத்துக்கு விருத்தாசலம் வழியாக எக்ஸ்பிரஸ்கள் பறக்கின்றன, அந்த லைனில் திருவெண்ணெய்நல்லூர் ரோடுன்னு எங்க ஊர்ப் பேரில் ஒரு ஸ்டேஷனும் இருக்கு. அந்தக் காலத்தில் அந்தக் கார்டு லைன் கிடையாது. தஞ்சாவூர், மாயவரம், சிதம்பரம், கடலூர் என்று சுற்றிக்கொண்டுதான் வரணும். 30-ந் தேதி விடியற்காலை மூணு மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினார்.

விடிஞ்சதும் ஊருக்குள் நடந்தார். நடந்தே திருவண்ணாமலை போய்விடலாம் என்று நினைப்பு. வழிகாட்டிப் பலகையில் மாம்பழப்பட்டு என்று போட்டிருக்கு. அது திருவண்ணாமலை போகிற வழி என்று அவருக்குத் தெரியாது. யாரையாவது கேட்கலாமே? கேட்கக் கூச்சம். பசி. ஒரு ஹோட்டலுக்குப் போனார், மத்தியானம்தான் சாப்பாடு என்றார்கள். காத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு ரெண்டு அணாவை நீட்டினார். கடைக்காரர் இவரைப் பார்த்து, கையில் எவ்வளவு இருக்கு என்றார். ரெண்டரை அணா. அவர் காசை வாங்கவே இல்லை, வச்சுக்கோ என்றுவிட்டார். குடுமியும் காதில் கடுக்கனுமாக, கண் எங்கேயோ இருக்கிற பையனைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ. விழுப்புரத்துக்காரங்க நாங்க இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்குவோம்.

அந்தக் காசில் திருவண்ணாமலை வரைக்கும் டிக்கெட் கிடைக்காது. மாம்பழப்பட்டு வரைக்கும்தான் கிடைத்தது. சாயங்காலத்துக்கு முன்னால் அங்கே இறங்கினார். இனிமேல் நடை.

பத்து மைல் நடந்து, இருட்டுகிற நேரத்தில் அறையணிநல்லூர் சேர்ந்தார். இப்போது அரகண்டநல்லூர் என்கிறோம். தென்பெண்ணைக் கரையில் பாறை மேலே அதுல்யநாதேஸ்வரர் கோயில். இங்கிருந்துதான் திருஞானசம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு கும்பிட்டார் என்பது ஐதீகம். அதெல்லாம் அன்றைக்கு இந்தப் பையனுக்குத் தெரியாது. கதவு திறந்ததும் மண்டபத்தில் போய் உட்கார்ந்தார். திடீரென்று எங்கும் ஒரே ஒளி. கருவறையிலிருந்து வருகிறதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தார், அங்கே இல்லை. ஒளி மறைந்தது. திரும்ப உட்கார்ந்து தியானத்தில் ஆழ்ந்துவிட்டார்.

கோயில் பூட்ட வந்தவர்கள் எழுப்பினார்கள். சாப்பிட ஏதாவது இருக்கா என்று கேட்டார். இல்லை. இங்கேயே படுத்துக்கட்டுமா? அதுவும் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழூர் கோயிலுக்குப் பூஜைக்குப் போகிறோம், கூட வா, அங்கே பிரசாதம் கிடைக்கலாம் என்றார்கள். கீழூர் என்பது திருக்கோவிலூர் வீரட்டேஸ்வரர் கோயில், அட்ட வீரட்டத்தில் ஒன்று. பின்னாலேயே போனார். அங்கும் உட்கார்ந்ததும் தன்னை மறந்தார். பூஜை முடிய மணி ஒன்பது ஆச்சு. சோறு கேட்டார். அங்கே உனக்கெல்லாம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற கோயில் மேளக்காரர் ஒருவர், என் பங்கை அந்தப் பையனுக்குக் கொடுங்க என்றார்.

அன்றைக்கு அந்த மேளக்காரர் வெறும் வயிற்றோடு படுத்திருப்பார். அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோயிலில் மேளச் சத்தம் கேட்கிறப்பெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இலையில் சோற்றோடு, தண்ணீருக்காகப் பக்கத்து சாஸ்திரி வீட்டு வாசலுக்குப் போனார். நின்றவாக்கிலேயே மயங்கி விழுந்தார். கண் விழித்தால் சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது, சோறு தரையில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினார். முந்தின நாள் மத்தியானம் சித்தி இலை போட்டுப் பரிமாறின பையன்.

வீட்டை விட்டுக் கிளம்பணும்னு நினைக்கிற தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அந்த நிலைமையில் உங்களுக்கும் எனக்கும் வீட்டு ஞாபகம் வரும், வீம்புக்குத்தான் வராத மாதிரி நடிப்போம். அவருக்கு வரவே இல்லை. திரும்பிப் போகலாமா என்ற எண்ணம் ஒரு நொடியும் எழவில்லை. வித்தியாசம் அங்கேதான். நமக்கு வீட்டில் பிடிக்கலைன்னா அது வீட்டைப் பத்தின விஷயம். அவருக்கு அது வீட்டைப் பத்தின விஷயமே இல்லை. அதனால, சொந்தக்காரங்க வீட்டில் மனசு ஒப்பலைன்னா, முதல்ல அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. ரமணரை உதாரணம் காட்டிப் பையைத் தூக்காதீங்க.

மறுநாள் ஆகஸ்ட் 31, கோகுலாஷ்டமி. ஊரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீடு. சோறு கேட்டார். அந்த வீட்டுப் பெண்மணிக்குக் கண்ணன் பிறந்த நாளில் இப்படி ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றதில் சந்தோஷம். வயிறு நிறையப் போட்டார். அப்போதுதான் காதில் இருந்த கடுக்கன் ஞாபகம் வந்தது. சிவப்புக்கல் பதித்த தங்கக் கடுக்கன். கழற்றிக் கொடுத்து நாலு ரூபாய் கடன் கேட்டார். பாகவதர் பார்த்தார், இருபது ரூபாயாவது பெறும். பையன் கேட்டது நாலுதான். கொடுத்தார். பிறகு வந்து மீட்டுக்கொள்ள விலாசம் எழுதிக் கொடுத்து, இவர் விலாசத்தையும் வாங்கிக்கொண்டார். மத்தியானமும் சாப்பாடு. கிளம்பும்போது, சுவாமிக்கே இன்னும் நைவேத்தியம் ஆகாத பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார் அந்த அம்மா.

தெரு தாண்டியதும் விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டார். மீட்கப் போவதில்லை என்று தெரியும். அன்று ரயில் இல்லை. ராத்திரி ஸ்டேஷனிலேயே படுத்துவிட்டு, 1896 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலையில் இறங்கினார். செவ்வாய், நம்ம சுவாமிக்கு உகந்த கிழமை!

நேரே கோயில். எல்லாக் கதவும் திறந்திருந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. கருவறை வரைக்கும் தடையில்லாமல் போய், வந்துவிட்டதாகத் தகப்பனிடம் தெரிவித்தார். வெளியே வந்ததும் ஒருவர் குடுமி எடுக்கணுமா என்று கேட்டார். சரி என்றார். அய்யங்குளத்தில் மொட்டை அடித்தாகிவிட்டது. மீதியிருந்த மூணரை ரூபாயைத் தூக்கி எறிந்தார், பலகாரப் பொட்டலம் குளத்தில் போனது. பூணூலையும் கழற்றினார். வேட்டியைக் கிழித்து ஒரு கோவணம். மொட்டைக்குப் பிறகு குளிக்கணுமே என்று அவர் கவலைப்படவில்லை. கோயிலுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டு கொட்டி நனைத்தது. மொட்டைத் தலை, கோவணம், வேற ஒண்ணும் இல்லை. பழனியில் ராஜ அலங்காரம் கலைஞ்ச பிறகு நிற்கிற கோலத்தை நினைச்சுக்கோங்க.

ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பொடிப்பசங்க கல்லெறிந்தார்கள். அவர்களுக்குத் தப்பிக் கீழே பாதாள லிங்கக் குகைக்குப் போனால் அங்கே எறும்பும் பூச்சியும் தொடையைத் தின்றன, அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் தம்மால் முடிந்த மட்டும் பாதுகாத்தார். கடைசியில் வெங்கடாசல முதலியாரும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள் தெரியுமா? கோயிலுக்குள் இருந்த சுப்பிரமணியர் சந்நிதியில். ஏறக்குறைய ரெண்டு மாசம் அங்கே. உணவு என்ன? அம்பாளுக்கு அபிஷேகமாகி வழிந்த பால். மஞ்சள்பொடி, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்து வரும். அதை ஒரு மௌன சுவாமி தினமும் கொண்டுவந்து கொடுப்பார். அம்மாவை மானாமதுரையில் விட்டு வந்த பிள்ளை, முருகன் சந்நிதியில் உட்கார்ந்து உமையவள் பாலைக் குடித்தான். பிரபுடதேவ மகாராஜாவுக்காகத் தூணில் முருகன் வெளிப்பட்டதும், அருணகிரிநாதரைத் தாங்கிப் பிடித்ததும் இதே கோயிலில்தானே. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர் இவரைக் கந்தனின் அவதாரம் என்று அறிவித்தபோது எனக்கு மாதிரி ஆட்கள் ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. பகவான் ரமண மகரிஷி என்ற பேரும் கணபதி முனிவர் கொடுத்ததுதான். பின்னாடி அவர் இருந்த கந்தாசிரமத்துக்கு அந்தப் பேர் முருகனால் வந்ததென்று நிறையப் பேர் நினைக்கிறோம். அதைக் கட்ட உழைத்த கந்தசாமி என்ற அடியார் பேரால் வந்தது அது. அவருக்குப் பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பழையபடி முருகனிடம்தான் வரணும்.

இனி அம்மா. இந்தக் கதையில் நான் எப்பவும் தடுக்கி நிற்கிற இடம் அழகம்மாள்தான். கணவர் போனார், நாலே வருஷத்தில் ரெண்டாவது மகன் காணாமல் போனான். உறவினர்களைக் கெஞ்சித் தேடச் சொன்னார். பையன் இருக்கும் இடம் ஒருவழியாகத் தெரிந்தது. முதலில் நெல்லையப்பய்யர் சித்தப்பா போய்ப் பார்த்தார். சடைபிடித்த தலை, அழுக்கு உடம்பு, பேச்சே இல்லை. வெறுங்கையோடு திரும்பினார். 1898 டிசம்பரில் நாகசாமிக்கு லீவு கிடைத்ததும் அம்மாவே கிளம்பினார். பவழக்குன்றில் பாறைமேல் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் மகன் என்று கண்டுகொண்டார். தினமும் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு ஏறுவார், வீட்டுக்கு வாப்பா என்று அழுவார். அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே மனசு தாங்காமல், எழுதியாவது ஒரு பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். எழுதினார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், நடவாதது என்ன செய்தாலும் நடவாது, சும்மா இருப்பதே நல்லது என்ற கருத்தில் எழுதினார். அம்மா இறங்கிப் போனார்.

இது சரியா, இவ்வளவு கல்மனசா என்று எங்க அம்மா கேட்டிருக்காங்க. எனக்குப் பதில் தெரியாது. ஆனா கதை அங்கே முடியவில்லை. 1900-ல் நாகசாமி இறந்தார். அந்த அஞ்சு ரூபாய் அண்ணன்தான். 1916-ல் அழகம்மாள் மகனிடமே வந்து சேர்ந்தார். இந்தத் தடவை கூப்பிட வரவில்லை, இருக்க வந்தார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் சமைத்தார். தம்பி நாகசுந்தரமும் வந்து சந்நியாசம் வாங்கி நிரஞ்சனானந்தர் ஆனார், ஆசிரம நிர்வாகமே அவர் கையில். வீட்டை விட்டு ஓடின பிள்ளை பின்னாலேயே வீடு வந்துவிட்டது.

1922 மே 19. அம்மாவின் கடைசி நாள். காலையிலிருந்து இரவு வரைக்கும் ஒரு கையை அம்மா நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு அடங்கிய பிறகுதான் கையை எடுத்தார். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அந்த வருஷமே அவரும் கந்தாசிரமத்திலிருந்து இறங்கிவந்து சமாதிப் பக்கத்தில் தங்கிவிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிற ரமணாசிரமம் அந்த அம்மா சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான். 1931-ல் பால் பிரண்டன் வந்து போய்ப் புத்தகம் எழுதினார், 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். 1949 மார்ச்சில் மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போது அவருக்குக் கையில் புற்று. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அடங்கினார். செப்டம்பர் 1 காலை இறங்கினதிலிருந்து ஐம்பத்து மூணு வருஷம் ஏழு மாசம், ஒருநாள்கூட அந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை.

சித்தப்பாவின் சொக்கப்ப நாயக்கர் தெரு வீடு இப்போ ரமண மந்திரம். மதுரை போனால் மீனாட்சியைக் கும்பிட்டுட்டு எட்டிப் பார்த்துட்டு வாங்க. நம்ம பக்கம் வர்றவங்க விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் பஸ் ஏறினால் மாம்பழப்பட்டு வழியாகத்தான் போகும். அரகண்டநல்லூரில் இறங்கி, பாறை மேலே கோயிலுக்கு ஏறுங்க. மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிற நாளாக இருந்தால் வடமேற்கே பாருங்க, அண்ணாமலை தெரியும்.

வேலும் மயிலும் துணை. அரோகரா!